ஆறாவது தகடு

காயல்பட்டினத்து ஓவியர் ஆமினாவின் படங்களைத் தேடிக்கொண்டு எங்கள் அச்சுப் பட்டறைக்கு வருகிறவர்கள் எதையெதையோ கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். "ஆறு படம்னு அவங்களே ஒரு பேட்டியில சொல்லியிருக்காங்க. அஞ்சுதானே இருக்கு?" வேலையில் இருந்தவரை இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். ஓய்வு பெற்றால் விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. இப்போது பட்டறையில் இருக்கும் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். "அக்கா, நீங்களே எழுதிக் கொடுத்திருங்க. நாங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுதோம்" என்றாள், அங்கே இப்போது அச்சடிக்கிற ஜெனிபர். ஒருவர் சாவோடு சேர்ந்த விஷயத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வது சரியில்லை. அதனால் எழுதுகிறேன். தோள்பட்டை வலியால் ஒரே மூச்சில் எழுத முடியாது. விட்டுவிட்டு எழுதியது இது.

என் பெயர் செல்வராணி. பிறந்தது சாத்தான்குளம் பக்கம், வாழ்க்கைப்பட்டது வண்ணார்பேட்டையில். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். பள்ளிக்கூட நோட்டு மடிப்பது, தைப்பது, வெட்டுக்கு அடுக்கி வைப்பது. அந்த அச்சகத்தை மூடியபோது, காகிதத்தைக் கசங்காமல் கையாளத் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஆசீர் சார் சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை அவ்வளவுதான். ஓவியம் என்றால் அப்போது எனக்குத் தெரிந்தது காலண்டர் படம் மட்டும்.

ஆசீர் சார் வடக்கே படித்து, வெளிநாட்டில் ஒரு பட்டறையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பஸ் ஹாரன் ஓயாத ரோட்டுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் பழைய நூல் கிட்டங்கி ஒன்றைப் பிடித்து, கையால் சுற்றுகிற பெரிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அது என்ன கடை என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. "அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகை அடிப்பியளா?" என்று கேட்டு வருவார்கள். "இல்ல அண்ணாச்சி, இங்கன படம் மட்டுந்தான்" என்பார். "அப்பம் சாமி படமா?" "அதும் இல்ல." வந்தவர்கள் இயந்திரத்தின் உருளையையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு, கரும்பு பிழிவதற்கா என்று கேட்டதும் உண்டு.

அங்கே நடந்தது இதுதான். சென்னை, கொச்சி, டெல்லி என்று பல ஊர்களிலிருந்து ஓவியர்கள் வந்து தங்குவார்கள். செம்புத் தகட்டின் மேல் மெழுகு பூசிக் கொடுப்போம். அதில் ஊசியால் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துக் குழியாக்கும். மெழுகை எடுத்துவிட்டு, அந்தக் குழிகளுக்குள் மையை இறக்கி, மேலே நிற்கும் மையைக் கஞ்சி போட்ட வலைத்துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்து எடுக்க வேண்டும். அதன்மேல் நனைத்த காகிதத்தை வைத்து, கம்பளியால் மூடி, உருளைக்கு அடியில் விட்டால் காகிதம் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எல்லாம் ஒன்றுபோல் இருக்கவும் வேண்டும். ஓவியர் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் அது அவருடைய படம்.

பட்டறையில் இரண்டு வகைக் கை உண்டு. மை தொடுகிற கை, காகிதம் தொடுகிற கை. நான் பல வருடம் காகிதம் தொடுகிற கை. காகிதத்தை நனைத்து, ஈரம் சீராகப் பரவ அடுக்கிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைப்பேன். சித்திரை வெயிலில் ஒரு கணக்கு, சாரல் காலத்தில் வேறு கணக்கு. அச்சடித்ததும் இரண்டு மூலையைப் பிடித்துப் பைய உரித்து எடுப்பேன். என் விரலில் ஒரு பொட்டு மை பட்டிருந்தாலும் அந்தத் தாள் குப்பைக்குத்தான். தலைமுடியை ஒதுக்கக்கூடாது, மூக்கைச் சொறியக்கூடாது. வீட்டிலும் அதே பழக்கமாகி, கதவைக்கூட முழங்கையால் தள்ளித் திறப்பேன். பிறகு மை தொடுகிற கையும் ஆனேன். தோள் போனது அந்தச் சக்கரத்தைச் சுற்றித்தான்.

ஆசீர் சாரைப் பற்றிச் சொல்லாமல் ஆமினாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தப் படத்தையும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லையென்றும் சொல்ல மாட்டார். முதல் தாள் அச்சாகி வந்ததும் சுவரிலுள்ள இரும்புப் பலகையில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, ஓவியருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நிற்பார். ஓவியர் பார்த்து முடிக்கிறவரை வாய் திறக்க மாட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்பார்: "இதுதானா?" ஆமாம் என்றால் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அதைச் சம்மதத் தாள் என்போம். மற்ற எல்லாப் பிரதியும் அதைப் பார்த்துத்தான் அச்சாகும். இல்லை என்றால் கருவிகளை எடுத்து ஓவியர் முன்னால் வைத்துவிட்டு, தான் போய்க் கை கழுவுவார். தகட்டில் ஓவியர் கை தவிர வேறு கை ஒரு கோடும் போடக்கூடாது. அதுதான் அவருடைய சட்டம்.

டெல்லியிலிருந்து ஒரு பெரிய ஓவியர் வந்தார். பேப்பரில் படமெல்லாம் வருகிற ஆள். பாதித் தகடு வரைந்துவிட்டு, மேலே வானத்தை ஆசீர் சாரே போட்டுவிடட்டும், தன்னைச் சாப்பாட்டுக்கு எழுப்பினால் போதும் என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார். மற்ற ஊர்களில் அப்படித்தான் நடக்கிறதாம். சார் எழுந்து வந்தார். ஊசியையும் தகட்டையும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் புரண்டு படுத்தார், திட்டினார், கடைசியில் கோபித்துக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து வானத்தை அவரேதான் போட்டார். போகும்போது சாரைக் கட்டிப்பிடித்து ஏதோ இந்தியில் சொன்னார். "என்ன சார் சொன்னாவ?" என்று கேட்டேன். "கழுதைன்னு சொல்லுதாரு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அன்று முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்தது எனக்குத் தெரிந்தது.

ஆமினா வந்தது ஓர் ஐப்பசியில். மழை விட்டு விட்டுப் பெய்தது. நாற்பதைத் தாண்டியிருப்பாள். காயல்பட்டினத்தில் பிறந்து, சென்னையில் ஓவியம் படித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். வாப்பா இல்லை, காக்கா என்று அவள் சொல்லும் அண்ணன் வளைகுடாவில். உம்மா மட்டும் ஊர் வீட்டில். அந்த ஊரில் வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வருவதற்கென்று குறுகலான சந்துகள் உண்டு, முடுக்கு என்பார்கள். இந்த வீட்டுக் கொல்லையிலிருந்து அந்த வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு என்று ரோட்டில் கால் வைக்காமலே பாதி ஊரைச் சுற்றிவிடலாம். அந்த முடுக்குகளை ஆறு தகட்டில் வரைய வேண்டும் என்றுதான் வந்தாள்.

ஐந்து தகட்டில் ஆளே கிடையாது. சுவர், சுவரில் உதிர்ந்த காரை, ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம். அவ்வளவுதான். அதற்கே நாட்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். "இதுதானா?" என்று சார் கேட்டால், உடனே பதில் சொல்ல மாட்டாள். வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பார்ப்பாள். "இல்ல சார்" என்று அவள் சொல்லும்போது சாருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு தகடாக ஐந்துக்கும் சம்மதம் ஆனது.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் காகிதத்தை ஓரம் கிழித்துக்கொண்டிருந்தோம். இரும்புச் சட்டத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துக் கிழிக்க வேண்டும், கை அழுத்தம் வேண்டும். பாதியில் சட்டத்தை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, மயக்கமா?"

"இல்லக்கா. போன வருஷம் ஒரு வைத்தியம் பாத்தேன். போயிட்டுன்னு சொன்னாவ. திரும்ப வந்திருக்கு."

எந்த வியாதி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உம்மாக்குத் தெரியுமா?"

"வேலை முடியட்டும்னு இருக்கேன். சார்ட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா என்னைய அவசரப்படுத்த மாட்டாரு. நான் அவசரப்படணும்."

ஆறாவது தகட்டில்தான் ஓர் ஆள் வந்தது. முடுக்கின் நடுவே வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண். முகம் தெரியாது. அது அவளுடைய உம்மா. இதற்காக உம்மாவைப் பல சாயங்காலம் முடுக்கில் நிற்க வைத்துத் தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தாள். அந்தத் தகட்டில் பாதியில் இருக்கும்போதே படுத்துவிட்டாள். சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஆபரேஷன், பிறகு இன்னொன்று. தை கழிந்து ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் ஐந்து தகட்டையும் அச்சடித்து முடித்திருந்தோம். தாள்களைக் கையெழுத்துக்காகக் காயல்பட்டினத்துக்குக் கொண்டுபோனோம். சாரும் நானும் பஸ்ஸில். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாழை நின்றது. சார் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. ஆமினா கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து கையெழுத்துப் போட்டாள். சில தாளுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தேன். உம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் பக்கம் நின்று பார்த்தார்கள். ஒல்லியான அம்மா. யாரிடமும் அதிகம் பேசவில்லை.

முடித்ததும் ஆமினா கேட்டாள்: "ஆறாவதக் கொண்டு வந்தியளா சார்?"

சார் தகட்டைக் கம்பளித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கேட்காவிட்டால் காட்டியிருக்க மாட்டார். கடைசியாக எடுத்த தாளையும் பக்கத்தில் வைத்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உம்மா போறாவ" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எங்கன?"

"படத்துல அக்கா. உம்மா வாற மாதிரி இருக்கணும். இதுல போற மாதிரி இருக்காவ."

துப்பட்டி போர்த்திய உருவம், முகம் இல்லை. வருகிறதா போகிறதா என்பதை வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். முன்பக்கம் இன்னும் கொஞ்சம் வெளுக்க வேண்டும் என்று அவள் சாருக்கு விளக்கினாள். அதற்கு ஒரு கருவி உண்டு. வழவழப்பான எஃகுக் கம்பி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளுக்க வேண்டிய இடத்தை அதனால் தேய்த்தால் குழிகள் நிரவிப்போகும். மை குறைவாக நிற்கும். அங்கே வெளிச்சம் வரும். தேய்க்கத் தெம்பு வேண்டும்.

சார் கம்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தலையணை மேல் பலகை வைத்து அதன்மேல் தகட்டை வைத்தோம். நான் தகடு நகராமல் பிடித்துக்கொண்டேன். அவள் தேய்த்தாள். கொஞ்சம் தேய்ப்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடியும் தேய்ப்பாள். நெற்றியில் வேர்வை நிற்காமல் வந்தது. உம்மா வந்து முந்தானையால் துடைத்துவிட்டார்கள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அது நடந்தது. அதற்கு மேல் கம்பி கையில் நிற்கவில்லை.

மறுநாள் காலை அதை அச்சடித்து, மத்தியானம் தாளைக் கொண்டுபோனோம். அவள் பார்த்தாள். தேய்த்த இடம் வெளுத்திருந்தது. ஆனால் அழுத்தம் பற்றாமல் திட்டுத்திட்டாக இருந்தது.

"இதுதானா?" என்று சார் கேட்கவில்லை. அந்த ஒரு தடவை கேட்கவில்லை.

அந்த வாரத்தில் சென்னைக் கேலரிக்காரர் போன் செய்தார். படங்களைக் கண்காட்சிக்கு வைப்பவர் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன், சார் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், ஆமினா மேடத்தால இனிமே முடியாதுன்னு தெரியுது. அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே அதை முடிச்சிடுங்க. பாக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாதுல்லா" என்றார் சார். "அதான் நான் தொடமாட்டேன்." போனை வைத்துவிட்டார்.

ஆனால் அடுத்த முறை காயல்பட்டினத்துக்குப் போனபோது அவரே ஆமினாவிடம் கேட்டார். நான் அவரோடு வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை.

"ஆமினாம்மா, நீங்க இடத்தச் சொல்லுங்க. நான் தேய்க்கேன். உங்க கண்ணு முன்னாலயே தேய்க்கேன். நிறுத்துன்னா நிறுத்திருதேன்."

உம்மா அப்போது அடுக்களையில் இருந்தார்கள். ஆமினா சிரித்தாள். சிரிக்கவும் அவளுக்கு வலித்தது.

"நீங்க தேய்ச்சா நல்லா வரும் சார். ஆனா உம்மா எப்பிடி வருவாவன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா."

சார் தலையை ஆட்டினார்.

"அத அடிச்சிருங்க சார். நான் இருக்கும்போதே அடிச்சு, அடிச்ச தாளையும் கொண்டுவந்து காட்டுங்க."

ஒரு தகட்டை அடித்துவிடுவது என்றால், இனி யாரும் அதிலிருந்து படம் எடுக்க முடியாதபடி மூலைக்கு மூலை கோடு கீறிவிடுவது. அதையும் வழக்கமாக ஓவியரே செய்வார். கீறியபின் ஒரே ஒரு தாள் மட்டும் எடுத்து, ரத்து செய்தாயிற்று என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்வோம். அதுவரை பார்ப்பதற்காக எடுத்த சோதனைத் தாள்களைக் கிழித்துவிட வேண்டும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, இப்பிடியே இருந்துட்டுப் போகட்டுமே. நல்லாத்தான இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றாள். "ஆனா இது இல்ல."

மறுநாள் சார் காலையில் சாப்பிடாமல் வந்தார். சோதனைத் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கிழித்தேன். கனமான பருத்திக் காகிதம், கிழிப்பதற்கே பலம் வேண்டும். எத்தனையோ தாளைக் கறைபட்டதென்று கிழித்திருக்கிறேன். கறையே இல்லாத தாள்களைக் கிழித்தது அன்றுதான். ஒவ்வொன்றிலும் அந்த உருவத்தின் மேல் கிழிசல் போகாமல் கிழிக்கப் பார்த்தேன். சிலது முடிந்தது, சிலது முடியவில்லை.

சார் தகட்டை மேஜையில் வைத்து, இரும்பு ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்தார். கீறும் ஊசியை எடுத்தார். ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஸ்கேலை நகர்த்தினார். மறுபடியும் கொஞ்சம் நகர்த்தினார். கோடு மூலையை விட்டு விலகி, சுவரின் மேல் ஏறி, உருவத்துக்கு அந்தப்பக்கமாகப் போனது. இரண்டாவது கோட்டையும் அப்படியே போட்டார். செம்பு கீறும் சத்தத்தில் பல் கூசியது. இத்தனை வருடத்தில் எந்த ஓவியரின் தகட்டிலும் அவர் கை வரைந்த கோடுகள் அந்த இரண்டுதான். மை போட்டு, துடைத்து, அந்த ஒற்றைத் தாளை அவரே அச்சடித்தார். என்னைச் சக்கரத்தைத் தொடவிடவில்லை.

ஆமினாவிடம் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மூலைக்கு மூலை போகலியே சார்."

"கை ஆடிட்டும்மா. வயசாச்சுல்லா."

அவள் தாளை விட்டுவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார்" என்றாள். அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

கண்காட்சி ஐந்து படங்களோடு நடந்தது. எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போகவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் உம்மா பட்டறைக்கு வந்தார்கள். தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே நின்றான். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"எம்மவ என்னைய வரைஞ்ச படம் ஒண்ணு இருக்குல்லா. அது ஒண்ணு தாங்க. நான் வீட்டுல வச்சுக்கிடுதேன். வெளிய யாருக்கும் காட்ட மாட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். ஆமினா அதை அடித்துவிடச் சொன்னதையும், எல்லாத் தாளையும் கிழித்துவிட்டதையும், சாட்சிக்கு ஒன்று மட்டும் இருப்பதையும். அலமாரியிலிருந்து எடுத்துவந்து காட்டினேன்.

அந்த அம்மா தாளைத் தொடவில்லை. இரண்டு கோட்டையும் பார்த்தார்கள்.

"அவ ஒடம்பத்தான் டாக்டருமாரு மாறி மாறிக் கீறினாவ. நீங்களும் கீறி வச்சிருக்கியளே" என்றார்கள். "எனக்கு இது வேண்டாம்."

திரும்பிப் போய்விட்டார்கள். கார் சந்தைவிட்டு வெளியேறும் சத்தம் கேட்டது. சார் போய்க் கை கழுவினார். கையில் மை ஒன்றும் இல்லை. குழாயை மூடாமலே கேட்டார்:

"நீயா இருந்தா ஒண்ண ஒளிச்சு வச்சிருப்பியா ராணி?"

"தெரியல சார்."

அதுதான் உண்மை. இன்றைக்கும் தெரியவில்லை.

அதன்பின் சார் முன்னைப்போல இல்லை. வேலையில் குறை வைக்கவில்லை, ஆனால் புதிய ஓவியர்களை அழைப்பதைக் குறைத்துக்கொண்டார். கண்ணிலும் புரை விழுந்தது. மகள் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போனாள். பட்டறையை அவருடைய பழைய ஓவிய நண்பர்கள் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். ஒரு பெரிய டிஜிட்டல் இயந்திரம் வந்தது. படம் போனிலேயே வந்துவிடுகிறது, ஓவியர் வருவதில்லை. தாள் வெளியே வந்ததும் அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். 'ஓகே' என்று பதில் வருகிறது. நான் குறை சொல்லவில்லை. தோளுக்கு அது நல்லதுதான். செம்புத் தகட்டு வேலையும் இன்னும் நடக்கிறது, எப்போதாவது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம், உம்மா மறுபடியும் வந்தார்கள். இந்தமுறை பஸ்ஸில், தனியாக. ரொம்பத் தளர்ந்திருந்தார்கள். நான் கேட்குமுன்னே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"அந்தக் கோடு போட்டது இருக்கா, எறிஞ்சிட்டியளா?"

"இருக்கு உம்மா."

"அதையாச்சும் தாங்க."

அது பட்டறையின் சாட்சித் தாள். வெளியே கொடுக்கும் வழக்கம் கிடையாது. யாரிடமும் கேட்காமல் போய் எடுத்துவந்தேன். கை கழுவிவிட்டுத்தான் எடுத்தேன். மேஜையில் வைத்ததும், இந்தமுறை அவர்கள் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்கள். விரலை உருவத்தின் மேல் வைத்தார்கள். காகிதத்தின் மேல் வெறும் விரல் படுவதை நான் தடுக்கவில்லை.

"இது மஃரிபுக்கு முன்ன, பொழுது அடையுற நேரம்" என்றார்கள். "சின்னதுல வெளையாடப் போனா நேரத்துக்கு வீட்டுக்கு வரமாட்டா. நாந்தான் முடுக்கு முடுக்காத் தேடிப் போவேன். என் துப்பட்டியக் கண்டுட்டாப் போதும், ஓடி ஒளிஞ்சிக்கிடுவா."

நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"உம்மா, இதுல நீங்க வாறியளா, போறியளா?"

இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

"வாறேன்லா. அவளத் தேடி வாறேன்."

தாளை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். சீட்டு கிடைத்ததும் அட்டையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள்.

சாயங்காலம் பெங்களூருக்குப் போன் செய்து சாரிடம் சொன்னேன். சாட்சித் தாளைக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"என்ன சொன்னாவ?" என்றார்.

"படத்துல வாறதாச் சொன்னாவ சார்."

பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"நல்லவேளை, நான் அங்கன இல்ல. இருந்திருந்தா குடுக்க விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டார். மறுநாள் செம்புத் தகட்டு வேலைக்கு ஓர் ஓவியர் வருவதாக இருந்தது. காகிதத்தை நனைத்து அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.